எல்லாம் பிடிக்காது

என் மனைவிக்கு ஒரு மருத்துவர் சொன்னதை நான் வேண்டுமென்றே தவறாக மொழிபெயர்த்தேன். அந்த மருத்துவரின் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது, என் தமிழை அவள் நம்புவாள் என்று தெரிந்துதான் செய்தேன். அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்றோ, மருத்துவச் சொல் பிடிபடவில்லை என்றோ சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. முப்பத்தொரு ஆண்டு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளனாக வேலை பார்த்தவன் நான்.

சாட்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு நிற்கிற வேலை அது. ஒருமுறை ஓர் அடிதடி வழக்கில், ஜூரோங் கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் கூண்டில் நின்று, “எல்லாரும் வரல சார்” என்றார். யாருமே வரவில்லை என்கிறாரா, சிலர்தான் வந்தார்கள் என்கிறாரா? தமிழில் அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் சாயும். நான் அப்படியே நிறுத்தி, நீதிபதியிடம் அனுமதி வாங்கி, சாட்சியிடம் திருப்பிக் கேட்டேன். நான்கு பேர் வந்தார்கள், மூன்று பேர் வரவில்லை என்று தெரிந்தது. வழக்கே அந்த நான்கு பேரில்தான் இருந்தது. நீதிபதி என்னைப் பாராட்டினார். அந்தக் கதையை எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்கு அது மனப்பாடம்.

அவளுடைய காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் பதினோரு வயதில் ஒரு நாய் அவளுடைய இடது கெண்டைக்காலைக் கடித்தது. புண் சீழ் வைத்து, அரசு மருத்துவமனையில் சதையை வெட்டி எடுத்தார்கள். ஒரு கைக்குழி அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. நடக்கத் தடையில்லை. வலியும் இல்லை. புடவை கட்டினால் யாருக்கும் தெரியாது. எனக்கு முப்பத்து நான்கு வயதிலும் அவளுக்கு இருபத்திரண்டு வயதிலும் திருமணம் ஆகி, அவள் சிங்கப்பூர் வந்தாள்.

வந்த முதல் ஆண்டு, செம்பவாங்கில் எங்கள் வீட்டில் என் தங்கைகளும் அவர்கள் கணவன்மாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவள் தரையைத் துடைக்கப் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள். நான் எல்லாரையும் சிரிக்க வைக்க நினைத்து, “பல்லாங்குழி கடையில தேடவே வேணாம், இவ கால்லயே ஒரு குழி இருக்கு. இன்னும் பதிமூணு தோண்டினா ஆட ஆரம்பிச்சிடலாம்” என்றேன். சிரித்தார்கள். என் சின்னத் தங்கை, “அண்ணி, எங்க காட்டுங்க, முத்துப் போட்டுப் பாக்கலாம்” என்று எழுந்தே வந்துவிட்டாள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருகிய புடவையை இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டு நான் அவள் கெண்டைக்காலைப் பார்க்கவில்லை. கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முடிந்தது. அவள் அதை அவ்வளவு கவனமாகச் செய்தாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தாறு வயதில் முழங்கால் வலி வந்தது. பலதுறை மருந்தகத்தில் பார்த்த மருத்துவர்கள் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். பக்கத்துப் பேட்டை நீச்சல் குளத்தில் காலை நேரத்தில் வயதான பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடந்தது. அவள் மூன்று வாரம் போனாள். மூன்று வாரமும் கரையில் கைலியைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். கணுக்கால் வரை நீளும் நீச்சலுடை ஒன்று தேக்காச் சந்தையில் தேடி வாங்கினாள். குளியலறையில் நனைத்துப் பார்த்தபோது துணி பள்ளத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டு இன்னும் தெளிவாகக் காட்டியதாம். நான்காவது வாரம் ஒரு செய்தியோடு வீட்டுக்கு வந்தாள்.

“என்னங்க, வயித்துல இருக்குற கொழுப்ப எடுத்து, பள்ளமா இருக்குற எடத்துல வைப்பாங்களாம். சொந்தக் கொழுப்புதானாம். வெளியில இருந்து ஒண்ணும் இல்லையாம்.”

“யாரு சொன்னா?”

“குளத்துக்கு வர்ற சீன ஆன்ட்டி. அவங்க மருமக செஞ்சிருக்கா. எடுத்த எடம் இளைச்சிடும், வச்ச எடம் நெறஞ்சிடும். டூ இன் ஒன் லா.”

“உனக்குக் கொழுப்புதான்.”

“ஆமா. இருக்குறதாலதான் கேக்குறேன்.”

அவள் அப்படித்தான், கேலியைத் திருப்பிக் கொடுப்பாள். நான் சிரிக்கவில்லை. “இந்த வயசுல உன் காலை யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“நான் பாக்குறேன்” என்றாள்.

கிளினிக்குக்கு நான்தான் தொலைபேசியில் நேரம் குறித்தேன். தமிழ் பேசும் தாதி ஒருவர் இருக்கிறார், அவரை உடன் இருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். தேவையில்லை, நானே நீதிமன்ற உரைபெயர்ப்பாளன் என்று சொன்னேன். அப்போது பெருமையில் சொன்னேனா, ஏற்கனவே மனத்தில் ஏதாவது திட்டம் இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

சிராங்கூன் சாலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்தக் கட்டடம் வரும். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். என் மனைவி அந்தப் பல்லாங்குழிப் பேச்சுக்குப் பிறகு முதல்முறையாக என் முன்னால் புடவையை முழங்கால் வரை தூக்கினாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் பள்ளத்தை விரலால் அழுத்தினார். பிறகு வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பார்த்தார். பொறுமையாக விளக்கினார், நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அறுவடை என்ற சொல்லையே சொல்வார்கள். நான் “எடுப்பாங்க” என்று மட்டும் சொன்னேன். எடுத்ததைச் சுத்தம் செய்து, பள்ளத்தில் துளித்துளியாக ஊசியால் வைப்பார்கள். அடியில் ஒட்டிக் கிடக்கும் தழும்பை முதலில் விடுவிக்க வேண்டும். சில வாரம் காலில் அழுத்தம் படக் கூடாது, வயிற்றுக்கு இறுக்கமான பட்டை போட வேண்டும். கன்றிப் போகும், வீங்கும், சில சமயம் கட்டி தட்டும், அரிதாகக் கிருமி பிடிக்கும். அவளுடைய உடம்புக்கு இதைச் செய்யத் தடையில்லை. இதுவரை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

பிறகு மருத்துவர், வைக்கிற கொழுப்பு முழுவதும் நிலைக்காது என்றார். இரத்த ஓட்டம் கிடைத்த பகுதி பிழைத்துக்கொள்ளும், மற்றதை உடம்பே கரைத்துவிடும். சுமார் பாதி நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். குறைந்தால் சில மாதம் கழித்து இன்னொரு முறை செய்யலாம். பள்ளம் முற்றிலும் மறையாவிட்டாலும் நன்றாகவே மேடாகும்.

மருத்துவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் மனைவியும் என்னைப் பார்த்தாள்.

செடியை ஒட்டுப் போட்டால் பிடித்ததா என்று கேட்போம். அந்தச் சொல்தான் இங்கேயும் பொருந்தும். “முழுசும் பிடிக்காது, பாதி பிடிக்கும்” என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. நான், “எல்லாம் பிடிக்காதாம்” என்றேன்.

“எல்லாரும் வரல” என்ற அதே வாக்கியம்தான். இரண்டு பக்கமும் சாய்கிற வாக்கியத்தைத் தேர்ந்து எடுத்தேன். யாராவது கேட்டால், நான் சொன்னது சரிதானே என்று நிற்கலாம். அந்தக் கணத்திலும் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“பிடிக்காதா?” என்றாள்.

“பிடிக்காது” என்றேன். இதில் கதவு ஏதும் இல்லை. இது சுத்தப் பொய்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு தடவ செஞ்சாலும் பிடிக்காதான்னு கேளுங்க.”

நான் மருத்துவர் பக்கம் திரும்பி, யோசித்துச் சொல்ல எவ்வளவு நாள் அவகாசம் உண்டு என்று அவள் கேட்பதாக ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் அவளைப் பார்த்துச் சிரித்து, அவசரமே இல்லை ஆன்ட்டி, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். நான் அவளிடம், “டாக்டர் வருத்தப்படுறாங்க” என்றேன்.

“பாவம், நல்ல டாக்டர்” என்றாள். “தேங்க் யூ டாக்டர்” என்று கைகூப்பினாள்.

அதன்பிறகு தேக்கா உணவு நிலையத்தில் தோசை வாங்கினோம். அவள் சாப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். முழுத் தோசையையும் சாப்பிட்டு, சட்டினியை வழித்து, “சரி விடுங்க. கேட்டாச்சு, தெரிஞ்சாச்சு” என்றாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

ஏன் செய்தேன்? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருந்தது. அறுபதை நெருங்குகிறவளுக்கு அழகு சிகிச்சையா என்று என் தங்கைகள் கேட்பது காதில் விழுந்தது. ஆனால் அது மேலாக இருந்த காரணம். குளத்துக்குப் போன அந்த நான்கு வாரத்தில் அவள் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேச ஆரம்பித்திருந்தாள். அந்தச் சீன ஆன்ட்டியோடு பேருந்தில் தனியாக வந்தாள். கடிதம் படிக்க, மருந்தகத்தில் பேச, வங்கியில் கையெழுத்துப் போட, முப்பத்தைந்து ஆண்டு நான்தான் அவளுக்கு வாய். அந்தப் பள்ளம் இருக்கும் வரை அவள் கரையில் நிற்பாள். கரையில் நான் இருந்தேன். இதை அன்றைக்கு நான் வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் இதுதான்.

அவள் குளத்துக்குப் போவதை விட்டாள். முழங்கால் வலி கூடியது. கோயிலுக்குப் படி ஏற முடியாமல் வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்தாள். சீன ஆன்ட்டி இரண்டு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார், பிறகு வரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவளுக்குக் குடலில் அடைப்பு ஏற்பட்டு அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். புண் ஆறத் தாமதமாகி, இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தாள். சோறு இறங்கவில்லை. பதினைந்து கிலோ குறைந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

ஒரு நாள் காலை நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே தாதி அவளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். ஜொகூர்த் தமிழ்ப் பெண், வாய் ஓயாமல் பேசுவார். நான் வெளியே நின்றேன்.

“ஆன்ட்டி, இது என்ன கால்ல? நாய் கடியா? ஐயோ, நல்லா கடிச்சிருக்கே.”

“சின்னப் புள்ளயில.”

“இதுக்கு இப்போ கொழுப்பு வைக்கிறாங்க தெரியுமா? என் அக்காவுக்கு கன்னத்துல வச்சாங்க. பாதி நின்னுச்சு, பாதி போச்சு. ஆனா அழகா இருக்கு லா.”

“எனக்கு டாக்டர் பாத்தாங்க. பிடிக்காதுன்னு சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னா பிடிக்காதுன்னு? சும்மா சொல்றாங்க. சரியா கேட்டீங்களா?”

“என் வீட்டுக்காரர்தான் கேட்டுச் சொன்னாரு” என்றாள் என் மனைவி. குரலில் பலமே இல்லை, ஆனால் அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. “அவரு கோர்ட்டுல மொழிபெயர்த்தவரு. ஒரு எழுத்து மாத்த மாட்டாரு. ஜட்ஜே பாராட்டியிருக்காரு.”

நான் கஞ்சியைத் திரைக்கு வெளியே இருந்த மேசையில் வைத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் போய் நின்றேன். அந்தத் தாதி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் வீடு திரும்பி, சோறு சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் சொன்னேன். அடுப்பில் ரசம் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அந்த டாக்டர் பிடிக்காதுன்னு சொல்லல.”

அவள் நிமிரவில்லை. “எந்த டாக்டர்?”

“உன் காலுக்குப் பாத்த டாக்டர். பாதி பிடிக்கும்னு சொன்னாங்க. தேவைப்பட்டா ரெண்டாவது தடவ செய்யலாம்னாங்க. நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப பிடிக்காதுன்னு சொன்னது டாக்டரா, நீங்களா?”

“நான்.”

“உங்களுக்குத்தான் பிடிக்கல.”

தமிழில் அந்த ஒரு சொல் இரண்டுக்கும் நிற்கிறது என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

“எப்படிச் சொன்னீங்க அன்னிக்கு? எல்லாம் பிடிக்காதுன்னா?” என்றாள். “எல்லாரும் வரல மாதிரியா?”

“ஆமா.”

அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். “டாக்டர் சொன்னத இங்கிலீஷ்ல சொல்லுங்க. அப்புறம் தமிழ்ல. கோர்ட்டுல சொல்ற மாதிரி.”

சொன்னேன். எழுபத்தொரு வயதில் சமையலறையில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டி, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னாள். அவள் கேட்ட கேள்வியை நான் மாற்றிக் கேட்டதையும் சொன்னேன். அதற்குத்தான் அவள் முகம் அதிகம் மாறியது. “நான் கேட்டதக் கூடவா?” என்றாள். “என் வாயில நீங்க உங்க பேச்ச வச்சீங்களா?”

அன்று ரசத்தை அவள் மறுபடி சூடாக்கவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், “திரும்ப நேரம் வாங்குங்க. அந்தத் தமிழ் தாதி இருக்கணும்” என்றாள்.

நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். “இல்ல, உள்ள வாங்க. கேக்கணும் நீங்க. பேசக் கூடாது” என்றாள்.

அதே மருத்துவர், அதே அறை. தமிழ்த் தாதி நல்ல நிதானமான பெண். எதையும் விடாமல் சொன்னார். மருத்துவர் வயிற்றைக் கிள்ளினார். தோல்தான் விரலில் வந்தது. குறுக்கே குடல் அறுவையின் தழும்பு. இடுப்பு, தொடை, முழங்கைக்கு மேலே எல்லாம் தொட்டுப் பார்த்தார். எடுக்க ஒன்றும் இல்லை என்றார். இப்போது எடுத்தால் எடுத்த இடத்தில் ஒரு புதுப் பள்ளம் விழும். உடம்பு தேறட்டும், பார்க்கலாம். வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொன்னார். இரண்டு ஆண்டுக்கு முன் செய்திருந்தாலும், வைத்த கொழுப்பு இந்த நோயில் ஓரளவு கரைந்துதான் இருக்கும். அது உடம்போடு சேர்ந்தது, பருத்தால் பருக்கும், மெலிந்தால் மெலியும். இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ சட்டென்று இலேசானது. அப்படியானால் நான் கெடுத்தது அவ்வளவு இல்லையே என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. உடனே, இரண்டு ஆண்டு அவள் தண்ணீரில் இறங்கியிருப்பாளே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முதலில் தோன்றியது அதுதான்.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் அவள் சொன்னதை மீறி ஆங்கிலத்தில் பேசினேன். என்னிடம் இருக்கிறது, என் வயிற்றிலிருந்து எடுத்து அவளுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்வியா என்று எனக்கே தெரியும். மருத்துவர் சிரிக்கவில்லை. முடியாது அங்கிள், ஒருவர் கொழுப்பை இன்னொருவர் உடம்பு ஏற்காது, அழித்துவிடும் என்றார்.

“என்ன கேட்டாரு?” என்றாள் என் மனைவி தாதியிடம்.

“அவரோட கொழுப்ப எடுத்து உங்களுக்கு வைக்க முடியுமான்னு கேக்குறாரும்மா. முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க.”

என் மனைவி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். “அவருக்குக் கொழுப்பு ஜாஸ்திதான். அது எனக்கு வேணாம்னு சொல்லுங்க.”

தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்று மருத்துவர் கேட்டார். தாதி தொடங்கினார், நிறுத்தினார், “இது எப்படிச் சொல்றது” என்று என்னைப் பார்த்தார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள், “சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே” என்றாள். “முழுசா சொல்லணும்.”

நான் மருத்துவரிடம் சொன்னேன்: எங்கள் மொழியில் கொழுப்புக்கும் திமிருக்கும் ஒரே சொல்தான். என்னிடம் அது அதிகம் இருக்கிறது என்றும், தனக்கு அது வேண்டாம் என்றும் என் மனைவி சொல்கிறார். ஒரு சொல் விடவில்லை. மருத்துவர் தலையை ஆட்டிவிட்டு, அது நல்ல முடிவு என்றார். அதையும் தமிழில் சொன்னேன். அவள் தாதியைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று. தாதி ஆம் என்றார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு என் தங்கைகள் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூத்த தங்கையின் கணவர் வழக்கம்போல், “மச்சான், அந்த எல்லாரும் வரல கதைய எடுத்து விடுங்க” என்றார். என் சின்னத் தங்கை, “ஐயோ அண்ணே, அம்பதாவது தடவ” என்று கத்தினாள். நான் அந்தக் கதைக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொன்னேன். பல்லாங்குழி என்று நான் சொன்னதில் தொடங்கி, மருத்துவரிடம் நடந்தது வரை, எல்லார் முன்னாலும். எல்லாரையும் சிரிக்க வைத்துச் செய்த தவறை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதுதான் முறை என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கை குனிந்துகொண்டாள். என் மனைவி எழுந்து அறைக்குள் போனாள்.

அவர்கள் போன பிறகு வந்தாள். “மறுபடியும் என் காலப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசிட்டீங்க” என்றாள்.

“மன்னிப்புக் கேக்கத்தான்...”

“மன்னிப்ப என்கிட்ட கேளுங்க. அவங்ககிட்ட கேட்டது உங்க மனசு லேசாக.”

அவளிடம் கேட்டேன். “சரி” என்றாள். அந்தச் சரி எந்தச் சரி என்று திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இது நடந்து மூன்று ஆண்டு ஆகிறது. அவள் ஆறு கிலோ கூடினாள். போன ஆண்டு மறுபடி காட்டினோம், இன்னும் போதாது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் குளத்துக்குப் போகிறாள். தீபாவளி முடிந்த அடுத்த மாதமே போய்விட்டாள். முழங்கால் வரை உள்ள நீச்சலுடை, பள்ளம் வெளியே தெரிய. சீன ஆன்ட்டியை அவளே தேடிப் போய்க் கூட்டிக்கொண்டாள். நான் எதிரில் உள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளே வரக் கூடாது. ஒருமுறை அவள் மறந்துவிட்ட துண்டைக் கொடுக்க வேலிப் பக்கம் போனேன். புதிதாக வந்த ஒரு மலாய்ப் பெண்மணி அவள் காலைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். “டாக் பைட், காக். லோங் டைம் ஆல்ரெடி” என்றாள் என் மனைவி. காக் என்றால் மலாயில் அக்கா. கேட்டவர் உச்சுக் கொட்டினார். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். துண்டை வேலியில் போட்டுவிட்டு வந்தேன்.

மருந்தகத்துக்கு இப்போதும் சேர்ந்துதான் போகிறோம். ஆனால் அவள் அங்கே தமிழ் தெரிந்த தாதியைக் கேட்டு வாங்குகிறாள். இல்லாத நாளில் தன் ஆங்கிலத்தில் சமாளிக்கிறாள், புரியாததை எழுதித் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள். நான் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எல்லாம் புரிகிறது. யாரும் என்னைக் கேட்பதில்லை.

வீட்டில் ஒரு மாற்றம் இருக்கிறது. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது, காற்றுக்காகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொள்கிறாள். போன வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

“என்ன பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“சரியா சொல்லுங்க.”

“உன் காலப் பாத்தேன்” என்றேன்.

“ம்” என்றாள். புடவையை இறக்கவில்லை. என்னை மன்னித்துவிட்டதாலா, இனி நான் பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன என்றாகிவிட்டதாலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னாள். கூட்டினேன்.